ஏசி மெக்கானிக் கோர்ஸா? முதலில் வாக்யூம் பம்ப்பை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

"3 மாதத்தில் ஏசி மெக்கானிக், 100% வேலை" நோட்டீஸை நம்பிப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு இது. சென்னையில் அப்படி ஓர் இடத்தில் முழுப் பணத்தையும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். 30 பையன்களுக்கு ஒரே ஸ்பிளிட் ஏசி, அதுவும் பழைய ஆர்22 கேஸில் ஓடுவது. பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்யூம் பம்ப் அலமாரியை விட்டு வெளியே வரவே இல்லை. கடைசியில் 'பிளேஸ்மென்ட்' என்று கொடுத்தது ஒரு கான்ட்ராக்டரின் போன் நம்பர்.

காப்பர் பைப், நைட்ரஜன், கேஸ், பைப்பைப் பற்றவைக்கும் பிரேஸிங் ராடு எல்லாம் தீர்ந்துபோகிற சாமான். ஃபிளேரிங் (பைப் முனையை விரித்து இணைப்புக்குத் தயார் செய்வது) கைக்கு வர ஒரு பையன் பத்துப் பதினைந்து துண்டையாவது பாழாக்கியாக வேண்டும். பணம் முழுக்கக் கைக்கு வந்தபின் அதை யார் வாங்கிப் போடுவார்கள்? அந்தக் காசை ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டுக்குக் கமிஷனாகக் கொடுத்தால் அடுத்த பேட்ச் நிரம்பிவிடும். டீ நன்றாக இல்லையென்றால் மறுநாள் கடை மாற்றுவோம். கோர்ஸை யாரும் இரண்டாம் முறை வாங்குவதில்லை.

குறை தெரிவது கஸ்டமர் வீட்டில்தான். வாக்யூம் எடுக்காமல் கேஸ் விட்டால் உள்ளே தங்கும் ஈரம் ஆயிலைக் கெடுத்து அமிலமாக்கும். நாளடைவில் கம்ப்ரஸரே காலியாகலாம். பம்ப்பால் உள்ளழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வாக்யூமை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்ப்பை நிறுத்தியபின்னும் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸைத் தராசில் எடைபோட்டு ஏற்ற வேண்டும். இப்போது விற்கும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்32 கேஸ், தீப்பற்றக்கூடியது. லைனில் கேஸ் மிச்சமிருக்க பிரேஸிங் டார்ச்சின் தீயைப் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. இதைப் போர்டில் படம் வரைந்து கற்றுக்கொடுக்க முடியாது.

சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் மயங்காதீர்கள். ஐஎஸ்ஓ 9001 அலுவலக நடைமுறைக்கானது, பாடத்துக்கு அல்ல. உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) தொழில் நடத்தும் யாரும் இலவசமாக ஆன்லைனில் போட்டுக்கொள்வது. ஐடிஐ படிப்புக்கு மத்திய அரசு தரும் தேசியத் தொழிற்சான்றிதழ் (என்டிசி, பழைய பேச்சில் என்சிவிடி சான்றிதழ்) உண்டா என்று மட்டும் கேளுங்கள். இந்த டிரேடுக்கு (தொழிற்பிரிவுக்கு) அது 2 வருஷப் படிப்பு, 3 மாதத்தில் வராது. கிண்டி, அம்பத்தூர் அரசு ஐடிஐகளில் என்னென்ன டிரேடு இருக்கிறதென்று முதலில் விசாரியுங்கள். அங்கே பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

தனியாரில்தான் சேர்ப்பது என்றால் வகுப்பு நடக்கும் நேரத்தில் போங்கள். குப்பைத் தொட்டியில் வெட்டிய பைப் துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். தவணையில் கட்டுங்கள், ஒரு பையன் தன் கையால் எத்தனை இன்ஸ்டலேஷன் செய்வான் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாதியில் நிற்க நினைத்தால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் மீதிப் பணத்தைக் கேட்பார்கள்.