சட்டக் கல்விக்கான நல்கைகள்: எது கடைசிவரை கூட வரும்?

பள்ளிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒரு மாணவருக்குச் சட்டம் படிக்கலாம் என்ற எண்ணத்தை ஊட்டி, நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்து, கல்லூரியில் சேர்த்து, படிப்பு முடியும்வரை உடன் நின்று, வழக்கறிஞராகப் பதிவு செய்யும் தேர்வையும் எழுதவைத்து, முதல் வேலையில் உட்காரவைக்க ஏழெட்டு வருடம் ஆகிறது. இந்த வேலையைச் செய்யும் தொண்டு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் நல்கையின், அதாவது திருப்பித் தர வேண்டாத நிதியுதவியின், ஆயுளோ பெரும்பாலும் ஒரு வருடம். நேரம் நன்றாக இருந்தால் மூன்று. இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டாததுதான் எங்கள் துறையின் தீராத தலைவலி.

நல்கை விண்ணப்பம் எழுதுவதையே பல வருடமாகச் செய்துவருகிறேன். புதிதாகத் திட்டம் தொடங்குகிறவர்கள் "யாரிடம் போய்க் கேட்கலாம்?" என்று வந்தால், எவ்வளவு தருவார்கள் என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. எத்தனை வருடம் தருவார்கள், எதற்கெல்லாம் தரமாட்டார்கள், விலகும்போது எப்படி விலகுவார்கள் என்ற மூன்றையும் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோடுவேன்.

அரசுப் பணம்

தொகை பெரியது, அங்கீகாரமும் பெரியது. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய சட்டக் கல்வி வாய்ப்புக் கவுன்சில், சுருக்கமாக க்ளியோ, இந்த வழிக்கு நல்ல உதாரணம். வசதி இல்லாத, சிறுபான்மைச் சமூகத்து மாணவர்களைச் சட்டக் கல்லூரி திறப்பதற்கு முன்பே கோடையில் வரவழைத்து, தீர்ப்பை எப்படி வாசிப்பது, அதை எப்படிச் சுருக்கி எழுதுவது, தேர்வில் சட்டப் பிரச்சினையை எப்படி அடையாளம் காண்பது என்று பழக்கினார்கள். வழக்கறிஞர் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டுப் பேச்சிலேயே பிடித்துக்கொள்ளும் விஷயங்கள் இவை. மற்றவர்களுக்கு யாராவது சொல்லித்தந்தால்தான் உண்டு. 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தத் திட்டத்துக்கு, அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலின் பெயரைச் சூட்டியது.

ஆனால் பெயர் சட்டத்தில் இருப்பது வேறு, பணம் பட்ஜெட்டில் இருப்பது வேறு. திட்டம் ஏட்டில் உயிரோடு இருக்க, ஒதுக்கீடு மட்டும் வருவதும் நிற்பதுமாக இருந்த காலங்கள் க்ளியோவுக்கும் உண்டு. அரசு விலகும்போது பெரும்பாலும் சொல்லிக்கொண்டு விலகுவதில்லை. அடுத்த பட்ஜெட்டில் அந்த வரி இருக்காது, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், அரசு நல்கைகளில் பல முதலில் செலவு செய்துவிட்டு, பிறகு பில் காட்டிப் பணம் வாங்கும் வகையைச் சேர்ந்தவை. கையில் ஆறு மாதச் செலவுக்காவது இருப்பு இல்லாத சிறிய நிறுவனம் இதில் காலை விட்டால் சம்பளத்துக்கே திண்டாடும். தணிக்கையும் கூடவே வரும். அமெரிக்க மத்திய அரசின் பணத்தில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ செலவழித்தால் தனித் தணிக்கை கட்டாயம். 2024 அக்டோபருக்கு முன் இந்த வரம்பு 7.5 லட்சம் டாலராக இருந்தது.

அரசுப் பக்கம் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வாடகை, கணக்காளர், மின்சாரம் போன்ற மறைமுகச் செலவுக்கு இவ்வளவு விழுக்காடு என்று எழுத்திலேயே விதி வைத்திருக்கிறார்கள். தனியாகப் பேசி முடித்த விகிதம் இல்லாத அமைப்புகளுக்கு 2014இல் 10 விழுக்காடு என்று வைத்தார்கள். 2024 அக்டோபரிலிருந்து அது 15 வரை. தனியார் அறக்கட்டளைகளிடம் இதைக் கேட்டு வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகியிருக்கிறது.

கட்சிக்காரர் பணத்தின் வட்டி

இந்த வழி வெளியே அதிகம் தெரியாது. வழக்கறிஞர்கள் தங்கள் கட்சிக்காரர்களின் பணத்தைக் கொஞ்சக் காலம் கையில் வைத்திருக்க நேரும்: சொத்து விற்பனை முன்பணம், இழப்பீட்டுத் தொகை, இப்படி. தனித்தனியாகப் பார்த்தால் ஆளுக்கு இவ்வளவு வட்டி என்று பிரித்துத் தரும் செலவுக்குக்கூட அந்த வட்டி கட்டுப்படியாகாது. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்தால் வட்டி திரளும். அந்த வட்டியைப் பொதுக் காரியத்துக்குத் திருப்பும் ஏற்பாட்டைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1969இல் சட்டம் போட்டு, அதற்கென ஒரு சட்ட அறக்கட்டளையும் அமைத்துச் செய்தது. சட்ட உதவி, சட்ட ஆராய்ச்சி, சட்டச் சீர்திருத்தம், சட்ட நூலகம் ஆகியவற்றோடு சட்டக் கல்வியும் அதன் நோக்கங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் இதை முதலில் தொடங்கியது ஃப்ளோரிடா, 1981இல். இது தனிமனிதச் சொத்தை எடுத்துக்கொள்வதாகாதா என்ற வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போய், 2003இல் ஏற்பாடு செல்லும் என்று தீர்ப்பானது.

சட்டத் தொழிலுக்குள் புரளும் பணம், அந்தத் தொழிலுக்குள் வர வழியில்லாதவர்களுக்குப் போய்ச் சேருகிறது என்பதால் எனக்கு இந்த வழிமேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் நம்பி முழு எடையையும் வைக்க முடியாது. 2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கி வட்டி விகிதத்தைப் பூஜ்யத்தை ஒட்டி இறக்கியதும் இந்த ஊற்று வற்றத் தொடங்கியது. பொருளாதாரம் சரிந்து மாணவர்களுக்கு உதவி அதிகம் வேண்டியிருக்கும் நேரம் பார்த்துத்தான் இது வற்றும். அப்போது மிச்சமிருப்பதை யாருக்குத் தருவது? நாளை காலை வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் வாங்கிய ஒருவரும், எட்டு வருடம் கழித்து வழக்கறிஞராகப்போகும் ஒருவரும் ஒரே மேஜைமுன் நின்றால், எந்தக் குழுவும் முதலாமவருக்குத்தான் தரும். அந்தக் குழுவில் நான் இருந்தாலும் அதையே செய்வேன்.

அறக்கட்டளைகள்: திட்ட நல்கையா, பொது நல்கையா?

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டும் அறக்கட்டளைப் பணம்தான், ஆனால் குணம் தலைகீழ்.

திட்ட நல்கை என்றால் இன்ன வேலைக்கு, இத்தனை மாணவருக்கு, இந்தத் தேதிக்குள் என்று கட்டிப்போட்ட பணம். விண்ணப்பப் படிவத்தில் "இதில் என்ன புதுமை?" என்ற கேள்வி தவறாமல் இருக்கும். பத்து வருடமாக நன்றாக நடக்கிற ஒரு வேலைக்கு ஒவ்வொரு முறையும் புதுச் சட்டை மாட்டி அனுப்ப வேண்டியிருக்கும். ஒருமுறை எங்கள் பட்ஜெட் தாள் திரும்பி வந்தது. மாதிரித் தேர்வுப் புத்தகம், கூடம், பயிற்சியாளர் மதிப்பூதியம் எல்லாவற்றுக்கும் டிக். ஒருங்கிணைப்பாளர் சம்பளம் என்ற வரியின்மேல் மட்டும் ஒரு கோடு, ஓரத்தில் "இதை வேறு நிதியிலிருந்து பார்த்துக்கொள்ளவும்". வேறு நிதி என்று எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த ஒருங்கிணைப்பாளர்தான் நாற்பது மாணவர்களின் பெயர், வீட்டு நிலவரம், யாருக்கு எந்தப் பாடம் வராது, யார் போன் எடுக்காவிட்டால் அக்காவைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவர். எட்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் முதல் பருவத் தேர்வில் தோற்ற ஒரு மாணவி பழைய எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். எடுக்க யாரும் இல்லை. இரண்டு மாதம் கழித்து அவர் படிப்பை விட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அறிக்கையில் அந்தத் திட்டம் வெற்றி, ஏனென்றால் கேட்ட எண்ணிக்கை கல்லூரியில் சேர்ந்த எண்ணிக்கைதான்.

பொது நல்கை என்பது நிறுவனத்தை நம்பித் தரும் பணம். சம்பளமோ வாடகையோ, எது தேவையோ அதற்குச் செலவழிக்கலாம். ஃபோர்டு அறக்கட்டளை பில்ட் என்ற பெயரில் 100 கோடி டாலர் ஒதுக்கி, தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு ஐந்து வருடத்துக்கு இப்படிப்பட்ட நெகிழ்வான நல்கை கொடுத்தது. 2020 முதல் அமெரிக்கக் கொடையாளி மெக்கன்சி ஸ்காட் கொடுத்துவரும் பெருந்தொகைகளும் நிபந்தனை போடாதவைதான். எங்கள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. குறை ஒன்றுதான்: இதை விண்ணப்பித்து வாங்குவது அரிது. பெரும்பாலும் அவர்களே தேடி வருவார்கள், அதுவும் ஏற்கெனவே ஓரளவு பெயர் எடுத்தவர்களைத் தேடி.

கட்டுப்பட்ட நல்கை எல்லாமே மோசம் என்றும் சொல்லமாட்டேன். 1968இல் ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் வில்லியம் பின்கஸ் தலைமையில் க்ளெப்பர் என்ற கவுன்சில் அமைந்தது. சட்ட மாணவர்கள் ஏழைக் கட்சிக்காரர்களின் உண்மையான வழக்குகளைக் கையாண்டு கற்கும் கிளினிக்குகளைக் கல்லூரிகளில் தொடங்க உதவியது அதன் வேலை. அந்த நல்கை ஒருநாள் நின்றது. ஆனால் அதற்குள் பல கல்லூரிகள் கிளினிக்கைத் தங்கள் பாடத்திட்டத்துக்குள்ளும் பட்ஜெட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டன. யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது என்று யோசித்துத் தந்த பணம் அது. எங்களைப் போன்ற நுழைவுப் பயிற்சித் திட்டத்தை ஏற்க அப்படி ஒரு கல்லூரி காத்திருப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

சட்ட நிறுவனங்கள்

வேகம் என்றால் இவர்கள்தான். மற்றவர்கள் ஆறு மாதம் யோசிக்கும் முடிவை இரண்டு கூட்டத்தில் எடுப்பார்கள். பணத்தோடு ஆளும் வரும்: வழிகாட்டியாக இருக்க முன்வரும் வழக்கறிஞர்கள், விடுமுறைப் பயிற்சி இடங்கள். இந்தியாவில் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய ஐடியா அமைப்பு, மாணவரைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர்த்ததோடு நிற்காமல் படிக்கும் காலத்திலும் வழிகாட்டியைக் கூட வைக்கிறது. அப்படிப்பட்ட வேலைக்குத் தொழிலில் இருப்பவர்களின் நேரம் காசைவிடப் பெரிது.

ஆனால் அவர்கள் மனம் முதலிடம் வாங்கும் மாணவர்பக்கமே சாயும். அவர் பெயரில் உதவித்தொகை கொடுத்துப் படம் எடுப்பது எளிது. நாற்பதாவது இடத்தில் தத்தளிக்கும் மாணவருக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. சூழல் மாறினால் நிபந்தனையும் மாறும். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் நிறுத்திய சில வாரங்களிலேயே பெர்கின்ஸ் கூயி, மோரிசன் ஃபோர்ஸ்டர் ஆகிய நிறுவனங்கள் சிறுபான்மையினர் உள்ளிட்ட மாணவர்களுக்கென வைத்திருந்த ஃபெல்லோஷிப்கள்மேல், அதாவது உதவித்தொகையோடு கூடிய பயிற்சி இடங்கள்மேல், வழக்கு பாய்ந்தது. இரண்டும் தகுதி விதியைத் திருத்தின. வருமானம், குடும்பத்தில் முதல் பட்டதாரி, சொந்த வாழ்க்கை அனுபவம் என்று தகுதியை எழுதிக்கொள்வது இப்போது பலருக்கும் பாதுகாப்பாகப் படுகிறது. அதனால் வெளியே நிற்க நேர்பவர்கள் யார் என்பதையும் திட்டம் நடத்துகிறவர்கள் கூடவே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே கொடையாளி, அல்லது வைப்பு நிதி

2021இல், கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வழக்காடும் அமெரிக்காவின் என்ஏஏசிபி சட்டப் பாதுகாப்பு நிதியம் அறிவித்த மார்ஷல்-மாட்லி திட்டம், நீளத்தில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 4 கோடி டாலர் கொடுத்தார். 50 மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம், தங்கும் செலவு, படிப்பு முடிந்ததும் இரண்டு வருட ஃபெல்லோஷிப். பதிலுக்கு அவர்கள் தென் மாநிலங்களில் எட்டு வருடம் சிவில் உரிமை வழக்குகளில் வேலை செய்ய வேண்டும். மாணவரின் காலக்கணக்குக்குப் பணத்தின் காலக்கணக்கைப் பொருத்தியிருக்கிறார்கள். தலைக்கு 8 லட்சம் டாலர் ஆகிறது என்பதையும் மறக்க முடியாது. அந்தப் பணத்தில் நுழைவுப் பயிற்சி மட்டும் என்றால் எத்தனையோ பேருக்குக் கொடுக்கலாம். ஆழமா, அகலமா என்ற கேள்வி வந்தால் நான் ஆழத்தின் பக்கம் நிற்பேன். பாதியில் விட்டுப்போன மாணவியை ஒருமுறை பார்த்த பிறகு அகலத்தில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது.

முதலைத் தொடாமல் அதன் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் வைப்பு நிதியைச் சிறிய நிறுவனங்கள் கனவாகவே வைத்திருக்கும். வருடத்துக்கு 4 விழுக்காடு எடுப்பதாக வைத்தால், ஒரே ஒரு ஒருங்கிணைப்பாளரின் வருடச் சம்பளத்துக்கு அதைப்போல 25 மடங்கு தொகை வைப்பில் இருக்க வேண்டும். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த வழியில் போனாலும் விண்ணப்பத்தில் ஒரு வரியை நான் விடாமல் சேர்ப்பேன். அமெரிக்காவில் சட்டப் படிப்பு மே மாதம் முடிகிறது, வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கான பார் தேர்வு ஜூலை கடைசியில். இடையில் சுமார் பத்து வாரம் வருமானம் இல்லாமல் முழுநேரமும் படிக்க வேண்டும், முடிவு வரும்வரை இன்னும் சில மாதம் காத்திருக்க வேண்டும். குடும்பப் பணம் இல்லாதவர் அந்தப் பத்து வாரத்தில் வேலைக்குப் போவார், தேர்வில் தோற்பார். ஏழு வருட முதலீடு அங்கே போய் முட்டி நிற்கிறது. இந்தச் செலவு சிறியது, முடிவு தேதி தெளிவானது, எண்ணிக்கை காட்டலாம். சட்ட நிறுவனங்களிடம் கேட்க இதைவிட நல்லது இல்லை. ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை மட்டும் அவர்களிடம் கேட்க வேண்டாம். அதைப் பொது நல்கை தருபவரிடம், குறைந்தது மூன்று வருடத்துக்கு, பட்ஜெட் தாளின் முதல் வரியாகவே எழுதிக் கேளுங்கள். அந்த வரியில் கோடு விழுந்தால், மிச்ச டிக்குகளைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.