மலைக்குத் தனியே பைக்கில்: கூடாரமா, ஹமக்கா?

செங்கலடியில் இருந்து ஏ5 வீதியில் மகா ஓயா, பிபிலை, பதுளை கடந்து நுவரெலியா வரை தனியே போக நினைப்பவர்கள் கேட்பது இதுதான்: இரவு தங்கக் கூடாரமா, ஹமக்கா (மரங்களுக்கு இடையே கட்டும் தொங்கு படுக்கை)?

சுமை: ஹமக் சின்னப் பையில் அடங்கும். கூடாரத்தைப் பின் இருக்கையில் கட்ட வேண்டும்.

விலை: ஹமக் மலிவு. தறப்பாளும் நுளம்பு வலையும் சேர்த்தால் வித்தியாசம் குறையும்.

இடம்: ஹமக்குக்கு உறுதியான இரண்டு மரங்கள் போதும், ஈரத்தரை, அட்டைக்கடி தொல்லை குறைவு. கூடாரத்துக்குச் சமதரை வேண்டும், தேயிலைச் சரிவில் அது லேசில் கிடைக்காது.

குளிர்: நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஹமக்கில் முதுகுக்குக் கீழே காற்று ஓடும். அடிவிரிப்பு இல்லாமல் தூக்கமே வராது.

பதுளை, எல்ல வரை என்றால் ஹமக் போதும். நுவரெலியாவுக்கு, அதுவும் மார்கழி, தையில் என்றால் கட்டாயம் கூடாரம். எதை எடுத்தாலும் மகா ஓயாப் பக்கக் காட்டோரத்தில் இரவு தங்க வேண்டாம். யானை நடமாடும் இடம்.