பிணவறைப் பேராசிரியரும் கொட்டகை முதலாளியும்: ஏழு வருடமாகக் கேட்கிறேன்

ஏழு வருடமாக எங்கள் சமையலறையில் இரண்டு வெள்ளைக்காரத் தாத்தாக்கள் குடியிருக்கிறார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்தால் பாத்திரம் தேய்ப்பது என் முறை. ஒரு பக்கம் கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னல் திண்டில் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர். அதில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பத்து வார்த்தையில் சொல்ல வேண்டியதை நாற்பது வார்த்தையில் சொல்வார். இன்னொருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நாலே வார்த்தையில் பதில் சொல்வார். "என்னங்க, உங்க தாத்தாங்க ரெண்டு பேரும் இன்னும் தூங்கலையா?" என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

முதலாமவர் ஹென்றி கார்டன் ஜேகோ, நாடகக் கொட்டகை முதலாளி. மற்றவர் பேராசிரியர் ஜார்ஜ் லைட்ஃபுட், போலீசுக்குப் பிரேதப் பரிசோதனை செய்து கொடுப்பவர். விக்டோரியா காலத்து லண்டனில், சாதாரணப் போலீஸ் மூளைக்கு எட்டாத விவகாரங்களை இருவரும் சேர்ந்து துப்பறிவார்கள். பிக் ஃபினிஷ் நிறுவனம் தயாரித்த இந்த ஒலி நாடகத் தொடரின் பெயரே 'ஜேகோ அண்ட் லைட்ஃபுட்'தான். 2010இல் தொடங்கி 2017 வரை 13 சீசன். சீசனுக்கு நான்கு கதை, கதைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மொத்தம் 52 கதைகளையும் இரண்டு முறை முழுதாகக் கேட்டு முடித்து, இப்போது மூன்றாவது சுற்றில் இருக்கிறேன்.

துப்பறியும் தொடர் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றவாளி யார் என்று மூளையைக் கசக்குகிற வேலை இதில் குறைவு. பல கதைகளில் பாதியிலேயே தெரிந்துவிடும், சிலவற்றில் ஆரம்பத்திலேயே. நான் திரும்பத் திரும்பப் போவது அந்த இரண்டு குரல்களுக்காக.

பிறந்த கதையே விசித்திரம். 1977 பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை பிபிசியின் 'டாக்டர் ஹூ' அறிவியல் புனைவுத் தொடரில் ஆறு வாரம் ஓடியது 'தி டாலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' என்ற கதை. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். தொடரின் நாயகனான, காலப் பயணம் செய்யும் 'டாக்டர்' வேடத்தில் டாம் பேக்கர் வந்த காலம். அதில் ஜேகோவாக கிறிஸ்டோபர் பெஞ்சமினும், லைட்ஃபுட்டாக டிரெவர் பாக்ஸ்டரும் நடித்தார்கள். இரண்டும் துணைப் பாத்திரங்கள். அதைவிட வேடிக்கை, அந்த இருவரும் ஒருவரையொருவர் சந்திப்பதே ஐந்தாவது பகுதியில்தான். நான்கு வாரம் தனித்தனியாகத் திரிந்துவிட்டு, கடைசி இரண்டு வாரம் மட்டும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். எதிரியின் வீட்டில் அடைபட்டு, சாப்பாட்டுத் தட்டை மாடிக்கு ஏற்றும் சின்னக் கூண்டு லிஃப்டுக்குள் இரண்டு பெரிய மனிதர்களும் தங்களைத் திணித்துக்கொண்டு தப்பப் பார்ப்பார்கள்.

அங்கே ஒரு சின்னப் பேச்சு உண்டு. வாய் நிறைய வீரம் பேசும் ஜேகோ, நெருக்கடி என்று வரும்போது தனக்கு அவ்வளவு தைரியம் இல்லை என்று ஒத்துக்கொள்வார். லைட்ஃபுட் அதைக் கேலி செய்ய மாட்டார். அந்த நேரம் வந்தால் யாருக்குத்தான் இருக்கும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அரை நிமிஷம்கூட வராது. முப்பது வருடம் கழித்து ஒரு கம்பெனி இந்த இருவரையும் தேடிப் பிடித்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்ததற்கு அந்த அரை நிமிஷமே விதை என்பது என் கட்சி.

அந்த 1977 கதையைத் தேடிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் சீன வில்லனாக வருபவர் முகத்துக்கு ஒப்பனை போட்ட வெள்ளைக்கார நடிகர். சீனர்கள் என்றாலே கத்தி, அபின், ரகசியக் கூட்டம் என்ற பார்வை கதை நெடுகவும் இருக்கிறது. எனக்கு அது உறுத்தியது. வசனம் அருமை, அதற்காக இதற்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாது. ஒலித் தொடருக்கு வர அதைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? 2009இல் வந்த 'தி மஹாகனி மர்டரர்ஸ்' என்ற ஒற்றைக் கதையில். எழுதியவர் ஆண்டி லேன். வெள்ளோட்டமாக விட்டதுதான் அது, நன்றாகப் போனதால் மறு வருடமே தனித் தொடர் வந்தது. இருவரும் மதுக்கடையில் உட்கார்ந்து, நடந்ததை மாறி மாறிச் சொல்கிறார்கள். பிணவறைக்கு ஒரு உடல் வருகிறது. லைட்ஃபுட் பார்த்தால் அது மரம். கண்ணிமை முதல் நகம் வரை செதுக்கிய மரம். ஜேகோ கதையை ஊதிப் பெருக்க, லைட்ஃபுட் ஊசி வைத்துக் காற்றை இறக்க, நடுவில் கடைப் பெண் எல்லி வந்து கோப்பையை வைத்துவிட்டுப் போகிறாள். எல்லியாகக் குரல் கொடுத்தவர் லிசா பவர்மன். இயக்குநரும் அவரே. தட்டு தூக்க வந்த அந்தப் பாத்திரம் பிறகு தொடரின் மூன்றாவது தூணாகிவிட்டது. அண்ணனைப் பறிகொடுத்து, ரத்தக் காட்டேரி கடித்து, அதோடும் கடையை நடத்துகிறாள் எல்லி. போலீஸ்காரர் குவிக் கூட 1977லிருந்து வருபவர். அதே நடிகர் கான்ராட் ஆஸ்க்வித்.

இங்கிலீஷ் பற்றிக் கேட்பவர்களுக்கு: முதல் வாரம் எனக்கும் தடுமாற்றம்தான். பழைய காலத்துச் சொல், அதிலும் ஜேகோ வாய் திறந்தால் அடுக்குமொழி. மேடையில் நின்று 'மகத்தான, மனோகரமான, மயிர்க்கூச்செறியும்' என்று அறிவிப்பாளர் இழுப்பார் இல்லையா, அதே மோனைப் பைத்தியம். ஒரே எழுத்தில் தொடங்கும் ஐந்தாறு சொல்லை ஒரே மூச்சில் கொட்டுவார். பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் ஓசையே அர்த்தத்தைச் சொல்லிவிடும். மோனையில் வளர்ந்த காதுக்கு இவர் அந்நியர் இல்லை. பயம் வந்தால் மட்டும் அடுக்கெல்லாம் அறுந்துபோய் "கார்க்ஸ்!" என்ற ஒற்றைச் சொல் வரும். எங்கள் வீட்டில் பால் பொங்கினாலும் இப்போது அதுதான்.

பாக்ஸ்டரின் குரலுக்குப் பழக இன்னும் கொஞ்சம் நாளானது. முதலில் அவர் சும்மா படிக்கிறாரோ என்றுகூடத் தோன்றியது. இரண்டாம் சுற்றில்தான் கவனித்தேன், அவர் இடைவெளியில் நடிக்கிறவர். ஜேகோ ஏதோ பீற்றிக்கொண்டதும் ஒரு நொடி விட்டு, "அப்படியா, ஹென்றி" என்கிற தொனியில் ஒரு பதில் வரும். அந்த ஒரு நொடியில் புருவம் உயர்வது தெரியும். தொடர் ஆரம்பித்தபோது இருவருக்குமே வயது எழுபத்தைந்தைத் தொட்டோ தாண்டியோ இருந்தது. மூச்சு வாங்குவது சில இடங்களில் நிஜமாகவே கேட்கிறது. கிழவர்கள் ஓடும் காட்சிக்கு அதைவிட என்ன வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று இரண்டாம் சீசனில் வரும் 'தி நெக்ரோபோலிஸ் எக்ஸ்பிரஸ்'. பிணங்களை ஏற்றிப்போகும் ரயில். கதைக்காக அளந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அப்படி ஒரு ரயில் நிஜமாகவே ஓடியிருக்கிறது. லண்டன் மயானங்களில் இடமில்லாமல் போனதால், 1854 முதல் வாட்டர்லூ பக்கத்திலிருந்து சர்ரே மாவட்டத்து புரூக்வுட் இடுகாட்டுக்குச் சவப்பெட்டிகளையும் துக்கத்துக்கு வந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு தனி ரயில் போனது. செத்தவருக்கும் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு உண்டு. உடன் போகிறவருக்கு ரிட்டர்ன் டிக்கெட், பெட்டிக்குள் இருப்பவருக்கு ஒரு வழி டிக்கெட். 1941இல் ஜெர்மன் குண்டு விழுந்து நிலையம் நொறுங்கும் வரை சேவை இருந்தது. செத்த பிறகும் வகுப்பு பார்த்த ஊர் அது. இந்தத் தொடர் நன்றாக இருக்கும் இடங்களிலெல்லாம் இப்படி அசல் லண்டனின் ஒரு கிறுக்குத்தனம் அடியில் கிடக்கிறது. அறிவியல் புனைவு மேலே தூவின மிளகுப்பொடி.

அதே சீசனின் முதல் கதையில் லைட்ஃபுட், ஜேகோவை விலக்கிவிட்டு சாண்டர்ஸ் என்ற புது ஆளோடு சுற்றுவார். இரவில் மட்டும் வெளியே வரும் கனவான். யார் என்று உங்களுக்கே புரியும். காட்டேரியைவிட எனக்கு நினைவில் நிற்பது ஜேகோவின் பொறாமை. பள்ளிக்கூடத்தில் உயிர் நண்பன் வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தால் வருமே, அந்த மூஞ்சியைக் குரலிலேயே காட்டியிருப்பார் பெஞ்சமின்.

மூன்றாம் சீசனில் 'டாக்டர் ஹூ'விலிருந்து, டாக்டரோடு பயணம் செய்த தோழி லீலா வருகிறாள். நடித்தவர் அன்றைய அதே லூயிஸ் ஜேம்சன். நான்காவதில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு. ஐந்தாவதில் இருவரும் 1960களின் லண்டனில் மாட்டிக்கொள்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்ப வழி தேடி அழுவார்கள். ஜேகோ டிவியில் பழைய பாட்டு நிகழ்ச்சி நடத்தப் போய்விடுகிறார். லைட்ஃபுட் பழைய புத்தகக் கடை. காட்டேரிக் கடியால் வயதே ஏறாத எல்லி எழுபது வருடமாக அங்கேயே காத்திருக்கிறாள். ரசிகர்களில் ஒரு பாதிக்கு இந்தச் சீசன் ஆகாது. எனக்கு ரொம்பவும் ஆகும்.

ஆகாதவையும் உண்டு. எட்டாம் சீசனில் பாட்டுப் பாடும் பொம்மைகளின் கதை ஒன்று வருகிறது. இரண்டு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். ஒன்பதாவதில் கப்பல் பயணம் போகிறார்கள்; மான்டி கார்லோ, தீவு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, மூடுபனியும் மதுக்கடையும் இல்லாமல் இருவரும் விருந்தாளி மாதிரி நிற்கிறார்கள். ஒவ்வொரு சீசனின் நான்காவது கதையும் உலகத்தைக் காப்பாற்றியே தீருவேன் என்று நிற்பது இன்னொரு குறை. சண்டைக் காட்சி வந்தால் யார் யாரை அடித்தார்கள் என்பது கேட்பவனுக்கு விளங்காது, தடால், ஆ, "ஜாக்கிரதை, பேராசிரியரே!" அவ்வளவுதான். காட்சி மாறினால் குதிரைக் குளம்பு. சீசனுக்கு எத்தனை வண்டி என்று ஒரு கட்டத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் பிணவறைக் காட்சிகளில் ஒலியைக் குறை சொல்ல முடியாது. எங்கோ ஒரு சொட்டுத் தண்ணீர், தட்டில் கத்தி வைக்கும் சத்தம், அறை பெரிசு என்று காட்டும் மெல்லிய எதிரொலி. இதை ஸ்பீக்கரில் கேட்டால் பாதி போய்விடும், அதுவும் கிரைண்டர் ஓடும்போது. முதல் முறை கேட்கும் கதைக்கு மட்டும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்கிறேன். இன்னொரு பாடம்: நான் வைத்திருந்த ஒரு பிளேயர் ஆப், போனில் அழைப்பு வந்தால் விட்ட இடத்தை மறந்து, கதையை முதலிலிருந்து போட்டுவிடும். ஒரே கதையின் முதல் பத்து நிமிடத்தை ஆறு தடவை கேட்டபின், கோப்புகளை இறக்கி, பழைய எம்பி3 பிளேயர் ஒன்றில் போட்டுக்கொண்டேன். டிஸ்க் பெட்டியாக வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு, டவுன்லோடே போதும். சீசன் முடிவில் வரும் பேட்டிகளை மட்டும் தள்ளிவிடாதீர்கள். ஆளுக்கொரு கண்ணாடி அறையில் தனித்தனியாக நின்றுதான் பதிவு செய்வார்களாம். சேர்ந்து மது அருந்தும் அத்தனை காட்சியும் ஒரு கண்ணாடிச் சுவரின் இரு பக்கத்திலிருந்து பேசியது என்று தெரிந்த பிறகு, எனக்கு அந்தக் காட்சிகள் இன்னும் பிடித்துவிட்டன.

டிரெவர் பாக்ஸ்டர் 2017 ஜூலையில் இறந்தார். வேறு நடிகரைப் போடவில்லை. 2018இல் 'ஜேகோ அண்ட் லைட்ஃபுட் ஃபாரெவர்' என்று ஒரு விடைபெறல் கதை வந்தது. ஜேகோவுக்கு ஞாபகம் தவறிக்கொண்டே போகிறது, நண்பரைக் காணவில்லை, தேடுகிறார். முன்பு பதிவு செய்த பாக்ஸ்டரின் குரலை எடுத்து அங்கங்கே கோத்திருக்கிறார்கள். அதைக் கேட்ட அன்று பாத்திரம் தேய்க்கவில்லை. குழாயை மூடிவிட்டு நின்றேன். ஜேகோ அடுக்குமொழியை ஆரம்பித்துவிட்டு, வழக்கமாகப் பதில் வரும் இடத்தில் ஒன்றும் வராமல், தானே அடுத்த வாக்கியத்துக்குப் போகிறார். கண்ணீர் வரவழைக்கும் வசனங்கள் வேறு இருக்கின்றன. என்னை உலுக்கியது அந்தக் காலி இடம்தான். இதை முதலில் கேட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. குறைந்தது நாலு சீசனாவது முடித்துவிட்டு வாருங்கள்.

கிறிஸ்டோபர் பெஞ்சமின் 2025 ஜனவரியில், 90 வயதில் போய்ச் சேர்ந்தார். செய்தி பார்த்த ராத்திரியே 'மஹாகனி'யை மறுபடி போட்டேன். கூடத்திலிருந்து, "என்ன, திரும்ப முதல்லேர்ந்தா?" என்றாள். ஆமாம் என்றேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னாள், மரத்தில் செதுக்கிய பிணம் வரைக்கும் அவளும் கேட்டாள். இப்போது மூன்றாம் சீசன் முடியப் போகிறது. எட்டாவது வரும்போது அந்தப் பொம்மைக் கதையைத் தாண்டித்தான் போவேன்.