ஸாப்பாவின் 'ஹாட் ராட்ஸ்': எந்தப் பதிப்பை வாங்குவது, எதைக் கவனித்துக் கேட்பது

அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் 'ஹாட் ராட்ஸ்' ஆல்பத்தை வாங்குமுன் ஐந்தாவது உருப்படியான 'த கம்போ வேரியேஷன்ஸ்' எத்தனை நிமிடம் என்று பாருங்கள். சுமார் 13 நிமிடம் என்றால் அது 1969இல் எல்பி இசைத்தட்டில் வந்த மிக்ஸ், அதாவது தனித்தனியாகப் பதிந்த கருவிகளைக் கலந்து சமன்செய்த வடிவம். சுமார் 17 நிமிடம் என்றால் 1987 சிடிக்காக ஸாப்பா திரும்பச் செய்த மிக்ஸ். அட்டையில் இருப்பது அதே இளஞ்சிவப்பு இன்ஃப்ராரெட் படம்தான். காதுக்குக் கிடைப்பது வேறு.

1987 மிக்ஸில் 'கம்போ'வுக்கு ஒரு முன்பகுதியும், எல்பியில் இடம்பெறாத சாக்ஸபோன், கிட்டார் வாசிப்பும் சேர்ந்தன. 'லிட்டில் அம்ப்ரெல்லாஸி'ல் அமுங்கிக் கிடந்த பியானோவும் புல்லாங்குழலும் மேலே வந்தன. ஆனால் கருவிகள் இடவலமாக நின்ற இடங்கள் மாறிவிட்டன. அறையின் நெருக்கமும் போய்விட்டது. தினசரிக் கேட்புக்கு 1969 மிக்ஸ்தான் சரி. 2012இல் வந்த சிடியில் அது இருக்கிறது.

ஏன் இந்த அளவு பிடிவாதம் என்றால், இந்த ஆல்பத்தின் உயிரே மிக்ஸில்தான் இருக்கிறது. பல ஸ்டூடியோக்கள் 8 டிராக்கோடு நின்றிருந்த காலத்தில், லாஸ் ஏஞ்சலஸில் 16 டிராக் டேப்பில் பதிவானது இது. ஒரு டிராக் என்பது ஒரு ஒலியைத் தனியாகப் பதியும் தடம். டிரம்ஸுக்கு மட்டுமே பல டிராக்குகளை ஒதுக்க முடிந்தது. 'பீச்சஸ் என் ரெகாலியா' தொடங்கும் டிரம்ஸ் உருட்டலை ஹெட்ஃபோனில் கேளுங்கள். மேளம் ஒரு புள்ளியிலிருந்து வராமல் அகலமாகப் பரவும். பியானோ, ஆர்கன், புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் என எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வாசித்தவர் இயன் அண்டர்வுட் ஒருவரே. அட்டையில் 'ஆக்டேவ் பேஸ்' என்று ஒரு கருவி வரும். டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டி பேஸ் கிட்டாரைப் பதிந்து, முழு வேகத்தில் திருப்பினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறிவிடும். நாதமும் மாறுவதால் அது பேஸ் என்றே தோன்றாது. 'பீச்சஸி'ல் வழக்கமான பேஸை வாசித்த ஷகி ஓட்டிஸுக்கு அப்போது வயது 15!

பாட்டு இருப்பது 'வில்லி த பிம்ப்' ஒன்றில்தான். கேப்டன் பீஃப்ஹார்ட்டின் கரகரத்த குரல் சீக்கிரம் விலகிவிடும். மீதி ஏறக்குறைய ஏழு நிமிடமும் கிட்டார்தான். முதல் மாதம் முழுக்க அதையே சுழலவிடத் தோன்றும். வருடங்கள் போனபின் கை தானாகத் தேடுவது 'இட் மஸ்ட் பி எ கேமல்'. தாளம் எங்கே விழுகிறது என்று பிடிபடவே பல முறை கேட்க வேண்டும்.

எல்பியில் கேட்பவர்களுக்குச் சிக்கலும் அதில்தான். அது இரண்டாம் பக்கத்தின் கடைசி. வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும் பள்ளம், லேபிள் அருகே 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். ஊசியின் கோணம் சற்றுப் பிசகினாலும் சிம்பலும் ஊதுகருவிகளும் 'ஸ்ஸ்' என்று சிதறும். தட்டைக் குறை சொல்லுமுன் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் முனை) அலைன்மென்ட்டை உள்வட்டத்தில் சரிபாருங்கள்.

வயலின் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 'வில்லி'யிலும் 'கம்போ'விலும் ஷுகர்கேன் ஹாரிஸின் வில் ப்ளூஸ் அழுக்கோடு உரசும். 'கேமலி'ல் ழான்-லூக் போன்டி. ஸாப்பாவின் இந்த வயலின் மோகம்தான் பின்னாளில் நம் எல். சங்கர் வரை வந்தது: 1979இல் வெளியான சங்கரின் 'டச் மீ தேர்' ஆல்பத்தைத் தயாரித்தவர் ஸாப்பா.

2019இல் வந்த ஆறு சிடி 'ஹாட் ராட்ஸ் செஷன்ஸ்' தொகுப்பு, ஆல்பம் மனப்பாடம் ஆனவர்களுக்கு மட்டும். உருப்படிகள் துண்டு துண்டாக உருவாவதை அதில் கேட்கலாம். 1987 மிக்ஸும் அதற்குள்ளேயே இருப்பதால், நீளமான 'கம்போ'வுக்காகப் பழைய சிடியைத் தேடி அலைய வேண்டியதில்லை.