நீண்ட வீட்டுக்கு ஸ்பீக்கர்: ஒயர் இழுப்பதா, பிளக்கில் செருகுவதா?

செட்டிநாட்டில் பல வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீள்பவை. முகப்பில் பேசுவது இரண்டாம் கட்டில் நடக்கும் பந்தி வரை கேட்க வேண்டுமானால், ஆம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கர் ஒயரை அவ்வளவு தூரம் இழுக்க வேண்டும். இல்லையேல் ஆம்ப்ளிபயர் உள்ளடங்கிய பவர்டு ஸ்பீக்கர்களை அங்கங்கே பிளக்கில் செருக வேண்டும். எதில் ஒலி இனிமை என்பதை விட்டுவிட்டு, எதில் மின்னாபத்து அதிகம், எதில் கோளாறை எளிதில் கண்டுபிடிக்கலாம் என்பதை மட்டும் பார்க்கலாம்.

8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரும் ஆம்ப்ளிபயரின் முனைகளில், முழுச் சத்தத்திலும் ஏறத்தாழ 28 வோல்ட்தான் இருக்கும். ஒயர் இழுக்கும் முறையின் ஆபத்து அந்த 28 வோல்ட்டில் இல்லை. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்த மனம் வராமல், வீட்டு மின்சாரம் ஓடும் அதே கேசிங்குக்குள் ஸ்பீக்கர் ஒயரையும் திணித்துவிடுகிறார்கள். அங்கே பழைய ஒயரின் ரப்பர் உறை பொடிந்திருந்தால், ஃபேஸ் ஸ்பீக்கர் ஒயருக்குத் தாவிவிடும். இதைவிட மோசமானது, ஸ்பீக்கர் ஒயரின் நுனியில் சாதாரண பிளக்கை மாட்டி வைப்பது. கல்யாண அவசரத்தில் யாரேனும் அதைக் கரண்ட் பாயிண்ட்டில் செருகிவிட்டால் ஸ்பீக்கரின் சுருள் கருகும், தீயும் பிடிக்கலாம்.

ஆனால் கோளாறு பார்ப்பது இதில் எளிது. ஆம்ப்ளிபயரின் பிளக்கை உருவி, ஒயரை இரு பக்கமும் கழற்றிவிட்டு, முதலில் அதற்கும் எர்த்துக்கும் இடையே ஏசி வோல்ட்டைப் பார்க்க வேண்டும். தூண்டலால் டிஜிட்டல் மீட்டர் சில வோல்ட் காட்டக்கூடும். 200-ஐ நெருங்கினால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். அது சரியாக இருந்தால் ஓம் அளவு: நல்ல 8 ஓம் ஸ்பீக்கர் தனியாக 6-க்குப் பக்கத்தில் காட்டும். ஸ்பீக்கர் இல்லாத ஒயரின் இரு இழைகளுக்கிடையே பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வழியில் ஷார்ட்.

பவர்டு ஸ்பீக்கரோ 230 வோல்ட்டையே வளவின் (திறந்த முற்றத்தின்) ஈரத் தரைக்குக் கொண்டுபோகிறது. எர்த் இல்லாத பாயிண்ட்டில் செருகினால், உள்ளிருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியே கசியும் சிறு மின்சாரத்தால் உலோக உடலைத் தொடும்போது விறுவிறுக்கும். வெவ்வேறு பாயிண்ட்டுகளின் எர்த் சிக்னல் ஒயர் வழியே சுற்றாகும்போது ‘உர்’ரென்ற இரைச்சலும் வரும். எர்த் பின்னை முறித்து அதை நிறுத்துவதுதான் மைக்செட் வழக்கம். இரைச்சல் போகும், கூடவே பாதுகாப்பும் போகும். எல்லாவற்றையும் ஒரே பாயிண்ட்டிலிருந்து எடுப்பதும், சிக்னல் ஒயரில், ஒலியை மட்டும் கடத்தி எர்த் சுற்றைத் துண்டிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதும் முறையான வழிகள்.

பல ஸ்பீக்கர்களுக்கு ஒலியை உயர்ந்த வோல்ட்டில் அனுப்பும், கோயில்களில் காணும் 100 வோல்ட் லைன் வீட்டுக்கு மிகை. முழுச் சத்தத்தில் உண்மையிலேயே 100 வோல்ட் ஓடுவதால் அதற்கு மின்சார ஒயருக்குரிய உறையும் மரியாதையும் வேண்டும்.

எர்த் நம்பகமில்லாத பழைய வயரிங் உள்ள வீட்டுக்கு என் தேர்வு, தனிக் கேசிங்கில் செல்லும் ஸ்பீக்கர் ஒயர்தான். 30 மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் போகவர 0.7 ஓம் அளவே தடை என்பதால் சத்த இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. புதிதாக வயரிங் செய்து, எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச்சும் இருந்தால் கூரையுள்ள கட்டுகளில் பவர்டு ஸ்பீக்கரை வைக்கலாம். மழைச்சாரல் விழும் வளவில் அப்போதும் கூடாது. ஸ்பீக்கர் ஒயரின் நுனிக்கு, கரண்ட் பாயிண்ட்டில் நுழையவே நுழையாத ஸ்பீகான் இணைப்பிதான் சரி.