ஷாக்பார்க் ஹிக்கரி: பாலைக் குடித்துவிட்டு மரத்தைத் திட்டுகிறேன்

ஒஹாயோவில் புதிதாக வீடு வாங்கிய நண்பர், பின்பக்கம் நிற்கிற ஷாக்பார்க் ஹிக்கரியை, வட அமெரிக்காவின் ஒரு கொட்டை மரத்தை, படம் எடுத்து அனுப்பி, "இதன் பருப்பைச் சாப்பிடலாமாமே, எப்படி இருக்கும்?" என்று கேட்டிருந்தார். பட்டை உரிந்து நீள நீளமாகத் தொங்குகிற மரத்தைப் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, நாங்கள் குடிவந்தபோதே கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தது.

சுவையில் குறையே கிடையாது. கடையில் விற்கிற பீக்கன் கொட்டையும் ஹிக்கரி இனம்தான், ஆனால் எனக்கு அதைவிட இது ஒரு படி மேல், பச்சையாகத் தின்றாலே வறுத்த வாசனை வரும். தொல்லையெல்லாம் அந்தப் பருப்பை வெளியே எடுப்பதில். இலையுதிர் காலத்தில் காய் விழும்போது மேல்தோல் நான்காகப் பிளந்து தானே கழன்றுவிடும், அதுவரை சுகம். அப்புறம் உள்ளே ஒரு ஓடு இருக்கிறதே! வால்நட் உடைக்கிற இடுக்கியெல்லாம் இதனிடம் எடுபடாது, சுத்தியல்தான். ஓங்கி அடித்தால் ஓடும் பருப்பும் சேர்ந்து தூள், மெதுவாக அடித்தால் வழுக்கிக்கொண்டு கராஜின் மறுமூலைக்குப் பறக்கும், அடி சரியாகவே விழுந்தாலும் ஓட்டின் மடிப்புகள் பருப்பைக் கவ்விக்கொண்டு விடாது, ஊசியை வைத்து நெம்பி நெம்பித் துணுக்குத் துணுக்காக எடுக்க வேண்டும். ஒரு பாதி உடையாமல் முழுசாக வந்துவிட்டால் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு டம்ளர் தேறாது.

இதில் சொத்தை வேறு. கூன்வண்டு ஒன்று காய்க்குள் முட்டை வைத்துவிடும், புழு பருப்பைத் தின்று தீர்த்துவிட்டு, அச்சு வைத்த வட்டத்தில் சின்ன ஓட்டை போட்டு வெளியே வரும். பொறுக்கிய அன்றைக்கே காய்களைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதைத் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் வாளியடியில் வெள்ளைப் புழு நெளியும்.

சரி, இவ்வளவு கோபத்துக்கு அப்புறமும் ஏன் பொறுக்குகிறேன் என்றால், கனூச்சி என்கிற ஹிக்கரிப் பாலுக்காக. ஒவ்வொன்றாக நோண்டுவதே வீண் வேலை என்று அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். உடைத்து, பெரிய ஓடுகளை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஓட்டுத் துணுக்கோடு அப்படியே உரலில் இடிக்க வேண்டியதுதான். இடிக்க இடிக்க எண்ணெய் கசிந்து மாவு தானே ஒட்ட ஆரம்பிக்கும், உருண்டை பிடித்து ஃப்ரீசரில் போட்டுவிடலாம். வேண்டும்போது ஓர் உருண்டையைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்தால் ஓடு அடியில் தங்கிவிடும், தேங்காய்ப்பால் மாதிரி துணியில் வடிகட்டினால் லேசான பழுப்பில், மேலே எண்ணெய் மினுக்கத்தோடு பால். இரண்டு தடவை வடிகட்டுங்கள், பல் முக்கியம். அவர்கள் சோளத்திலோ சோற்றிலோ ஊற்றிச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் குழைந்த சோற்றில் விட்டு ஒரு கல் உப்பு, கொஞ்சம் வெல்லம். 1770களில் அமெரிக்காவின் தெற்கே சுற்றிய இயற்கை ஆய்வாளர் வில்லியம் பார்ட்ரம், கிரீக் என்ற இன்னொரு பழங்குடி மக்களிடையே ஒரே குடும்பத்திடம் நூறு புஷலுக்கு (ஒரு புஷல் சுமார் 35 லிட்டர்) மேல் ஹிக்கரிக் காய் சேர்த்து வைத்திருந்ததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அவர்கள் ஒன்றும் ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

மரக்கட்டையைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல முடியும். கோடாலிக் காம்பு, சுத்தியல் காம்பு, டிரம் குச்சி எல்லாவற்றுக்கும் அமெரிக்காவில் இதைத் தேடுவது வெறும் கடினத்துக்காக இல்லை, அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு வளைந்து நிமிரும் என்பதற்காக. 1924இல் அங்கே எஃகுத் தண்டை அனுமதிக்கும் வரை கோல்ஃப் மட்டைக்கும் இதுதான். காம்பு வாங்கும்போது வெள்ளையாக இருப்பதைத்தான் உசத்தி என்பார்கள், நடுவில் சிவந்திருப்பதும் அதே பலம்தான், ரேகை நேராக ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். புயலில் முறிந்த ஒரு பெரிய கிளையைப் பிளந்து அடுக்கினோம், பிளக்கத்தான் உயிர் போகும், கணப்பில் போட்டால் ஓக்கைவிடச் சூடு. ஒரு துண்டைக் கிரில்லில் போட்டுச் சிக்கன் லெக் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நிற்பார். வெளியே மழையில் மட்டும் போடாதீர்கள், சீக்கிரம் உளுத்துவிடும், உள்ளே வைத்தாலும் பட்டையில்லாமல் வையுங்கள், வண்டு வரும்.

ஆகவே நண்பருக்கு: புதிதாக நடுவதென்றால் வேண்டாம், ஒழுங்காகக் காய்க்க 40 வருடம் ஆகும். இருக்கிற மரத்தை வெட்டுவதென்றால் கோடையில் வேண்டாம், அழிவின் விளிம்பில் இருக்கிற இண்டியானா வௌவால் அந்தத் தொங்கும் பட்டைக்கடியில்தான் குட்டி போட்டுத் தங்கும். பருப்புக்காக என்றால் பேசாமல் கடையில் பீக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். என் மதிப்பெண் 5க்கு 2, அந்த இரண்டும் கட்டைக்கு. இன்று காலை கட்டைவிரலில் சுத்தியல் விழுந்தது, கனூச்சி காய்ச்சுகிற அன்று கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.