பழைய பார்பி வாங்குகிறவர்களே, இரண்டு காதையும் காட்டச் சொல்லுங்கள்

ஆன்லைன் ஏலத்தில் பழைய பார்பி பொம்மை வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்குப் பணம் திரும்பி வந்துவிட்டது. கோபம்தான் இன்னும் போகவில்லை.

நான் வாங்கியது 1961-ஆம் வருஷத்துப் போனிடெயில் பார்பி. சேகரிக்கிறவர்கள் இதை ஐந்தாம் நம்பர் என்பார்கள். 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் கம்பெனி முதன்முதலில் காட்டியது ஒன்றாம் நம்பர். அப்புறம் முகத்திலும் உடம்பிலும் சின்னச் சின்ன மாற்றங்கள் வர வர நம்பரும் ஏறிக்கொண்டே போனது. ஒன்றும் இரண்டும் காலப்போக்கில் தோல் நிறம் போய் வெளிறிவிடும். விலையும் நம்மால் தொட முடியாத உயரத்தில் இருக்கும். ஐந்தில் அந்தத் தொல்லை இல்லை. செம்பட்டை முடி வந்ததும் இந்த நம்பரில்தான். ரொம்ப நாளாக நான் தேடிக்கொண்டிருந்ததும் அந்தச் செம்பட்டை முடிக்காரியைத்தான்.

விளம்பரத்தில் இப்படி இருந்தது: ஐந்தாம் நம்பர் போனிடெயில், செம்பட்டை முடி, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட அசல் நீச்சலுடை, வயதுக்கேற்ற நல்ல நிலை, படங்களைப் பார்த்து முடிவு செய்துகொள்ளவும். படங்களுக்குக் குறைவே இல்லை. முகம் பெரிதாக, கால் பெரிதாக, நீச்சலுடையின் தையல்கூடப் பெரிதாக. ஆனால் முகம் தெரிந்த படங்கள் எல்லாமே ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை. முதுகைக் காட்டிய படத்தில் நீச்சலுடை கழற்றப்படவில்லை.

அதனால் ஏலம் முடிவதற்கு முன்பே, அந்தத் தளத்தின் மெசேஜ் வழியாகவே இரண்டு கேள்வி கேட்டேன். காதில் பச்சை இருக்கிறதா? இடுப்புக்குக் கீழே பின்பக்கம் என்ன முத்திரை இருக்கிறது?

காதில் பச்சை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: அந்தக் காலத்துப் பொம்மைகளுக்குச் சின்ன உலோகத் தோடு குத்தியிருப்பார்கள். அதில் செம்பு கலந்திருக்கும். வருஷக்கணக்கில் அது பொம்மை செய்த வினைல் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடக்கும்போது களிம்பு பிடித்து, அந்தப் பச்சை வினைலுக்குள்ளேயே இறங்கிவிடும். சில பொம்மைகளில் காதோடு நிற்காமல் கன்னம் வரைக்கும் படர்ந்திருக்கும். மேலே ஒட்டிய அழுக்கு என்றால் துடைத்தால் போகும், இது போகாது. முகப்பரு கிரீமைத் தடவி வாரக்கணக்கில் வைத்துக் கொஞ்சம் வெளுக்க வைக்கிறவர்கள் உண்டு. அதிலும் அந்த இடம் மட்டும் வெள்ளையாகப் போகிற ஆபத்து இருக்கிறது. சுருக்கமாக, பச்சைக் காது என்றால் விலை நன்றாக இறங்கிவிடும். முத்திரை என்பது உடம்பில் மேட்டல் பதித்திருக்கும் பெயரும் வருஷமும். அந்த வருஷம் பொம்மை செய்த வருஷம் அல்ல, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பதில் வந்தது. "காது இரண்டும் சுத்தமாக இருக்கின்றன. முத்திரையில் பார்பி என்றும் 1958 என்றும் இருக்கிறது."

பார்சல் வந்தது. பொம்மையைக் கையில் எடுத்ததுமே காதுப்பக்கம் கன்னத்தின் நிறம் என்னவோ போல் இருந்தது. காது குடையும் பட்ஸை லேசாக நனைத்து, தோட்டைச் சுற்றி மெதுவாக ஒரு தடவு தடவினேன். பஞ்சில் இளம்பழுப்பாக ஏதோ வந்தது. இன்னொரு தடவு. பவுண்டேஷன்! நாம் முகத்துக்குப் போடுகிற அதே பவுண்டேஷனைக் காதில் அப்பியிருந்தார்கள். அடியிலிருந்து பாசிப் பச்சை எட்டிப் பார்த்தது. துடைக்கத் துடைக்க அது காதைத் தாண்டித் தாடை வரை வந்தது. படத்தில் காட்டாத பக்கம் இதுதான்.

அப்புறம் நீச்சலுடையைக் கழற்றினேன். முத்திரையில் விற்றவர் சொன்ன பார்பியும் இருந்தது, 1958-ம் இருந்தது. அவற்றுக்கு மேலே மிட்ஜ் என்ற பெயரும் 1962 என்ற வருஷமும் இருந்தன. மிட்ஜ் பார்பியின் தோழி, 1963-இல்தான் கடைக்கு வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே உடம்பு என்பதால் இரண்டு பெயரையும் சேர்த்து அச்சில் போட்டார்கள். 1961 பொம்மையில் அந்தப் பெயர் இருக்க வழியே இல்லை. ஐந்தாம் நம்பரில் அந்த 1958 ரோமன் எழுத்தில், எம், சி, எம், எல், வி என்று தொடங்கி மூன்று ஐ-யோடு முடியும். யாராவது 1958 என்று சொன்னால், ரோமன் எண்ணைப் படித்துத்தான் சொல்கிறார் என்றுதான் கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். ஆக தலை ஒரு பொம்மையுடையது, உடம்பு வேறொன்றுடையது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் கழுத்துக்கு மேலும் கீழும் நிறம் வேறு வேறாக இருப்பது நன்றாகவே தெரிந்தது. பழைய பார்பியின் தலையைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

அந்தப் பதிலை மறுபடி படித்துப் பாருங்கள். காதைப் பற்றிச் சொன்னது அப்பட்டமான பொய். முத்திரையைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, மேல் இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டார். எனக்கென்னவோ இரண்டாவதுதான் அதிக ஆபத்தானது என்று படுகிறது. முதலாவதைப் பொய் என்று நிரூபித்துப் பணம் கேட்கலாம். இரண்டாவதற்கு "நான் இருப்பதைத்தான் சொன்னேன்" என்று கையை விரித்துவிடுவார்கள்.

அப்படித்தான் விரித்தார். "அறுபது வருஷப் பொம்மை, கடையிலிருந்து வந்ததுபோலவா இருக்கும்? நான் நிபுணர் இல்லை என்று எழுதியிருக்கிறேனே" என்றார். நான் விடவில்லை என்றதும் அடுத்த வழி: "பொம்மையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இருபத்தைந்து டாலர் திருப்பித் தருகிறேன்." இந்த இடத்தில் நிறையப் பேர் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள், அலுப்பில். ஆட்டாதீர்கள். ஒரு பகுதிப் பணத்துக்கு ஒத்துக்கொண்டால் அதோடு விவகாரம் முடிந்ததாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படும், அப்புறம் முழுப் பணம் கேட்பது கஷ்டம். தளத்தில் 'சொன்னதுபோல் பொருள் இல்லை' என்ற பிரிவில் புகார் கொடுத்தேன். கேள்வி பதில் முழுக்க அவர்களுடைய மெசேஜிலேயே இருந்ததால் வாதாடவே வேண்டியிருக்கவில்லை. ஈமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ பேசலாம் என்று விற்கிறவர் கூப்பிட்டால் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். புகாருக்குக் கால வரம்பும் உண்டு, தளத்துக்குத் தளம் மாறும். பார்சல் வந்த அன்றே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில், விற்றவரும் அமெரிக்காவிலேயே. அதனால் திருப்பி அனுப்புவது சுலபமாக முடிந்தது. சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு அமெரிக்க ஏலத்தில் வாங்குகிறவர்களுக்கு அனுப்பும் செலவு, கட்டிய சுங்கவரி எல்லாம் சேர்ந்து பொம்மையின் விலையையே எட்டிவிடலாம். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை நீங்கள் இரண்டு மடங்கு கேட்க வேண்டும்.

இன்னொரு பெரிய குழி, 1966. போன மாதம் சித்தி பெண் ஊரிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, நம்ம வீட்டுப் பரண்ல இருந்த பார்பி கிடைச்சிருக்கு. முதுகுல 1966-ன்னு போட்டிருக்கு. நெட்ல பார்த்தா ஆயிரக்கணக்கான டாலர் சொல்றாங்களே?" அந்தப் பொம்மை தொண்ணூறுகளில் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது, எனக்கே நினைவிருக்கிறது. முத்திரையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். மலேசியா. தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பின்கழுத்தைப் பார்க்கச் சொன்னேன். 1976.

விஷயம் இதுதான்: முத்திரையில் இருக்கும் வருஷம் அந்த வடிவத்துக்கு மேட்டல் உரிமை பதிவுசெய்த வருஷம். பொம்மை செய்த வருஷம் அல்ல. இடுப்பைத் திருப்பக்கூடிய அந்த உடம்பு 1967-இல் கடைக்கு வந்தது. அதே 1966 முத்திரையைத் தொண்ணூறுகள் வரைக்கும் கோடிக்கணக்கான பொம்மைகளில் போட்டுத் தள்ளினார்கள். அதன்மேல் மாட்டிய சிரித்த முகம் 1976 பதிவு. உடம்பில் 1966, தலையில் 1976, நாடு மலேசியாவோ சீனாவோ இந்தோனேஷியாவோ என்றால், குழந்தைகள் விளையாடிய சாதாரணப் பொம்மை. பழைய சாமான் விற்கும் இடங்களில் கூடையில் கிடக்கும். அறுபதுகளின் கடைசியில் வந்த நிஜப் பொம்மையில் ஜப்பான் என்று இருக்கும், இமையில் நிஜ மயிர் நட்டிருப்பார்கள்.

தெரியாமல் இதை 1966 பொம்மை என்று விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், சித்தி பெண்ணே போட்டிருப்பாள். ஆனால் 1966 மட்டும் பளிச்சென்று தெரிந்து, அடுத்த வரியில் நாட்டின் பெயர் தொடங்குவதற்குள் படம் வெட்டப்பட்டிருந்தால், அது தெரியாமல் செய்ததில்லை. வெட்டுகிறவருக்கு எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

முதல் நம்பரைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை, அதற்கான பணம் வைத்திருப்பவர்கள் நிபுணரிடம் காட்டித்தான் வாங்குவார்கள். இரண்டு விஷயம் மட்டும். 1994-இல், பார்பியின் முப்பத்தைந்தாவது வருஷத்துக்காக, 1959 பொம்மையைப் போலவே மேட்டலே ஒன்று வெளியிட்டது, பெட்டியும் பழைய பாணியில். அதைத் தலைப்பில் '1959 பார்பி' என்று போட்டு, 1994-ஐ விளக்கத்தின் அடியில் எங்கோ செருகிவிடுகிறார்கள். இன்னொன்று, ஒன்றாம் நம்பரின் பாதத்தில் ஸ்டாண்டுக்கான ஓட்டை இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், அடுத்த நம்பர்களின் பாதத்தில் துளைபோட்டு விற்றவர்கள் உண்டு. அசலில் அந்த ஓட்டைக்குள் உலோகக் குழாய் இருக்கும். உள்ளே வெறும் வினைல் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

பெட்டி பிரிக்காத பொம்மை என்றால் பயமில்லை என்று நினைக்கிறீர்களா? 1988-இல், கிறிஸ்துமஸ் சமயத்துக்கென்று மேட்டல் வெளியிட்ட முதலாவது ஹாலிடே பார்பி சக்கைப்போடு போட்டதும், அடுத்தடுத்த வருஷத்துப் பொம்மைகளை முதலீடு என்று ஆளாளுக்கு வாங்கிப் பெட்டியோடு பூட்டி வைத்தார்கள். அதனால் தொண்ணூறுகளின் ஹாலிடே பார்பி அரிதே இல்லை. விற்கிறவர் எழுதுகிற 'மிக அரிது' என்ற வார்த்தைக்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. கேட்கிற விலையையும் பார்க்காதீர்கள். ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களை மட்டும் தேடிப் பார்க்கிற வசதி இருக்கும். அங்கே அதே பொம்மை கடைசியில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். கேட்டது முந்நூறு, போனது முப்பது என்கிற கதை அங்கே தினமும் நடக்கிறது.

நான் இப்போதெல்லாம் கேட்கிற படங்கள்: காது இரண்டும், முடியை ஒதுக்கிவிட்டு, மேக்கப் அப்பியிருந்தால் தெரியும்படி பகல் வெளிச்சத்தில், உடுப்பு இல்லாமல் முத்திரை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, கழுத்தின் விளிம்பு, கீறல் விட்டிருக்கிறதா என்று. வினைல் பிசுபிசுக்கிறதா, சிகரெட் வாடை அடிக்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்கிறேன், படத்தில் அவை தெரியாதே. நல்ல விற்பனையாளர்கள் கேட்ட அன்றே அனுப்பிவிடுகிறார்கள், சிலர் நான் கேட்காத குறையையும் சொல்கிறார்கள். படம் அனுப்பாமல் "பார்க்க ரொம்ப அழகாக இருப்பாள்" என்று பதில் எழுதுகிறவரிடம் நான் ஏலம் கேட்பதில்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

என்னிடமிருந்து திரும்பிப் போன பொம்மை மறுபடி ஏலத்துக்கு வந்திருக்கிறது. அதே படங்கள், அதே ஐந்தாம் நம்பர், அதே 'வயதுக்கேற்ற நல்ல நிலை'. புதிதாக ஒரே ஒரு வரி சேர்ந்திருக்கிறது: திருப்பி எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது. புகார் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும் வரை அந்த விளம்பரம் அங்கேயேதான் இருக்கிறது, ஏழு பேர் ஏலம் கேட்டிருக்கிறார்கள்.